கேமராவுக்கு எட்டாத மூலை

அன்று விடிந்ததிலிருந்து மெதுவாக்கா ஹாலை விட்டு நகரவில்லை.

ராத்திரி படுத்ததும் ஹால் சோபாவில்தான். புருஷன் டயர்க்காரர் உள்ளறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோதே எழுந்து, கரண்ட் அடுப்பு, இரும்புச் சட்டி, வெங்காயக் கூடை, எண்ணெய்ப் புட்டி, உப்பு டப்பா என்று பாதிச் சமையலறையைச் சாப்பாட்டு மேஜைக்குக் குடியேற்றிவிட்டாள். பார்ப்பவர்களுக்கு வீடு மாற்றுகிறார்கள் என்றுதான் தோன்றும்.

பார்ப்பதற்கு ஆளும் இருந்தது. ஷோகேஸின் உச்சியில், பிளாஸ்டிக் பூச்சாடிக்குப் பக்கத்தில், எலுமிச்சம்பழ அளவில் ஒரு கேமரா. அதன் மறுமுனையில், ஒரு ராத்திரி ரயில் தூரத்தில், அவர்களுடைய ஒரே மகள். பல் டாக்டர். ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் கிடைக்கிற இடைவெளியில் போனை எடுத்து அம்மா என்ன செய்கிறாள் என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்வாள். "தினமும் உன் முகத்தைப் பாக்கணும்மா" என்று சொல்லி அவளே வாங்கி, அவளே மாட்டிவிட்டுப் போனது. அங்கிருந்து அவள் பேசினால் இங்கே ஹால் முழுக்கக் கேட்கும். இங்கே பேசினால் அங்கே கேட்கும்.

மெதுவாக்கா என்பது தெரு வைத்த பெயர். யார் குரலை உயர்த்தினாலும் "மெதுவா, மெதுவா" என்று கையைத் தாழ்த்திக் காட்டுவாள். ஏன் அப்படி என்று தெருவுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பதில்தான் நம் தெருவை மிஞ்ச ஆள் கிடையாது.

அந்தக் கேமரா ஹாலைப் பார்க்கும், சாப்பாட்டு மேஜையைப் பார்க்கும், வாசல் கதவைப் பார்க்கும். சமையலறையும் உள்ளறையும் பாத்ரூமுக்குப் போகும் நடையும் அதன் கண்ணுக்கு எட்டாது. டயரை விரலால் தட்டியே எவ்வளவு காற்று இருக்கிறது என்று சொல்லிவிடும் மனிதர் டயர்க்காரர். கேமராவின் எல்லையைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஹாலில் இருக்கும்வரை அவரைப்போல ஒரு புருஷன் எந்த வீட்டிலும் கிடையாது. "இங்க கொஞ்சம் வா" என்று நடைப் பக்கம் கூப்பிடும்போதுதான் ஆள் மாறுவார். அங்கே விழுந்த அடிகளின் நிறத்தை மாடியில் குடியிருக்கும் ஓரகத்தி வந்து மறைத்துவிடுவாள். பார்லரில் வேலை பார்ப்பவள், கைவண்ணம் அப்படி.

போன வாரம் மெதுவாக்கா மகளிடம் வாயைத் திறந்தாள். எல்லாவற்றையும் கொட்டினாள். மகள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நான்தான் தினமும் பாக்கறேனேம்மா. அப்பா உன்மேல ஒரு தடவை கை வச்சு நான் பாத்ததில்லையே. உன் முகமும் பளிச்சுன்னுதானே இருக்கு?" என்றாள். அதோடு விட்டாளா? "அம்மா என்னென்னமோ சொல்றாப்பா. மனசு சரியில்ல போல. நல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று அப்பாவுக்கும் போன் போட்டாள்.

அந்தப் போன் நேற்றுச் சாயங்காலம் வந்தது. பேசி முடித்துவிட்டு டயர்க்காரர் சிரித்தார்.

"இங்க கொஞ்சம் வா."

மெதுவாக்கா போகவில்லை. கல்யாணமானதிலிருந்து முதல் தடவையாக, போகவில்லை.

இன்றைக்கு டயர்க் கடைக்கு வார விடுமுறை. பொழுது முழுக்க இருவரும் வீட்டில்தான். மகள் பார்க்கிற இடத்தில் அவர் கை ஓங்க வேண்டும், இல்லையென்றால் ஓங்கவே கூடாது. இரண்டில் ஒன்று நடக்கும்வரை அந்த வெளிச்சத்தை விட்டு நகர்வதில்லை என்பது அவள் முடிவு.

டயர்க்காரர் எழுந்து வந்து அடுப்பைப் பார்த்தார், வெங்காயத்தைப் பார்த்தார், கடைசியில் கேமராவைப் பார்த்தார். புரிந்துவிட்டது. முகத்தில் புன்னகை ஏறியது.

"உள்ள நல்லா காத்து வருதேம்மா. அங்க வந்து உக்காரேன்."

"இங்கயும் வருதுங்க."

"சட்டையில பட்டன் பிஞ்சிருக்கு. வா, காட்டறேன்."

"இங்கயே கொண்டாங்க. வெளிச்சமா இருக்கு."

"முதுகு அரிக்குது."

"திரும்புங்க."

ஹால் நடுவில் நிற்க வைத்தே சொறிந்துவிட்டாள். டயர்க்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு சுகம் காட்டினார்.

அவள் உருளைக்கிழங்கு நறுக்கத் தொடங்கியதும் பின்னால் வந்து நின்றார். தோளில் கை போட்டார். குனிந்து, காதோடு வாயை வைத்தார். பார்க்க அத்தனை அன்னியோன்னியம்.

"எவ்ளோ நேரம்டி இங்கயே குந்தியிருப்ப? ஒண்ணுக்கு வராதா உனக்கு?" என்றது அந்த வாய். கட்டைவிரல் அவள் கழுத்தெலும்பின் குழிக்குள் மெல்ல இறங்கியது. அழுத்தியது. இன்னும் அழுத்தியது. கத்தி அவள் கையிலிருந்து நழுவி மேஜையில் விழுந்தது.

ஷோகேஸ் உச்சியிலிருந்து குரல் வந்தது.

"அம்மா! எதுக்கு ஹால்ல அடுப்பு? என்ன கூத்து இது?"

கட்டைவிரல் இறங்கிய இடத்திலேயே இருந்தது. மெதுவாக்காவுக்கு மூச்சு வந்தது, பேச்சு வரவில்லை.

"அம்மாவுக்கு ஒரு மாறுதல் வேணுமாம்" என்றார் டயர்க்காரர். "நானும் சரின்னுட்டேன்."

"தோள்ல கைய போட்டுட்டு நிக்கறதப் பாரு! அப்படியே போட்டோ எடுத்து வச்சுக்கிட்டேன். ஏம்மா, இந்த மனுஷனப் போயா..." யாரோ கூப்பிட்டிருக்க வேண்டும். "சரி, ஒருத்தர் வாயத் தொறந்துட்டு காத்திருக்கார். வரேன்."

கட்டைவிரல் வெளியே வந்தது. "போட்டோ எடுத்துட்டாளாம்" என்றார் டயர்க்காரர், மிகுந்த திருப்தியோடு.

ஆனால் அவர் சொன்னதில் ஒன்று நிஜம். பாத்ரூம், நடையின் கடைசியில் இருந்தது. விடிந்ததிலிருந்து மெதுவாக்கா ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. அப்படியும் அடிவயிறு கல்லாகிவிட்டது. தொடையை இறுக்கிக்கொண்டு வெங்காயம் உரித்தாள். கண்ணில் நீர் வந்ததற்கு வெங்காயத்தின்மேல் பழி போட வசதியாக இருந்தது.

நல்ல வேளையாக ஓரகத்தி இறங்கி வந்தாள், கையில் அலங்காரப் பையோடு. மூத்தாருக்கு விடுமுறை நாள் என்றால் அந்தப் பைக்கு வேலை நாள் என்பது அவள் அனுபவம்.

"அக்கா, என்ன, வீட்டுக்குள்ளயே பிக்னிக்கா?" என்று சிரித்தவள், கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள். "எங்கக்கா பட்டுச்சு? காட்டு."

"இன்னும் படல."

ஓரகத்தி நாற்காலியில் உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீ இங்கயே உக்காரு" என்றாள் மெதுவாக்கா. "பாத்ரூம் போயிட்டு ஓடி வந்துடறேன். நான் வர்ற வரைக்கும் நகரக் கூடாது. சரியா?"

"எங்க போகப் போறேன்? போயிட்டு வாக்கா."

போனாள். அவள் தாழ்ப்பாள் போட்ட சத்தம் கேட்டதும் டயர்க்காரர் பேப்பரை மடித்தார்.

"உன் புருஷன் மேல கத்திட்டு இருக்கான். காதுல விழலயா?"

மாடியில் யாரும் கத்தவில்லை. அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். யாரோ பாதி மாடியில் மாட்டிக்கொண்டார்கள் என்று காலையிலேயே வண்டியை எடுத்துக்கொண்டு போனவன் இன்னும் திரும்பவில்லை. ஓரகத்திக்கும் அது தெரியும். ஆனால் மூத்தார் அப்படிப் பார்த்தால் இல்லாத குரலும் கேட்டுத்தான் தீர வேண்டும். பையை எடுத்துக்கொண்டு மாடியேறிவிட்டாள். அவளைச் சொல்லியும் குற்றமில்லை, அவளும் நம் தெருவில்தானே இருக்கிறாள்.

மெதுவாக்கா கதவைத் திறந்தபோது நடையில் அவர்தான் நின்றிருந்தார். கையில் துண்டு.

"வா" என்றார்.

துண்டு முதலில் வாய்க்குள் போனது. பிறகு முழங்கால் வயிற்றில் ஏறியது. அவள் மடங்கினாள். மடங்கியவளைச் சுவரோடு நிமிர்த்தி வைத்து, விலாவில் குத்தினார். அவசரமே இல்லை. டயரைப் பிரித்து, டியூபை எடுத்து, ஒட்டி, திரும்பப் பூட்டுகிறவனின் ஒழுங்கு. அலங்காரப் பை மாடிக்குப் போய்விட்டதால் இன்று முகத்தில் கை படவில்லை. அது அவருடைய தொழில் சுத்தம்.

"மககிட்ட சொல்லுவியா? சொல்லுவியா? சொல்லுடி, இப்ப சொல்லு."

வாயில் துண்டை வைத்துக்கொண்டு எதைச் சொல்வது? தரையில் விழுந்தவள் ஹாலைப் பார்த்துத் தவழத் தொடங்கினாள். இடுப்பில் உதை விழுந்தது. தவழ்ந்தாள். பின்னங்காலைப் பிடித்து இழுத்தார். மறுகாலால் உதறினாள், தவழ்ந்தாள். நடை முடிந்து ஹாலின் முதல் தரைக்கல்லில் அவள் கை பட்டதும், பிடித்திருந்த காலை விட்டுவிட்டார். கோட்டைத் தொட்டுவிட்டால் அடிக்கக் கூடாது என்று பிள்ளைகள் விளையாடுவார்களே, அந்த மாதிரி.

துண்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஹால் நடுவுக்கு வந்து கேமராவைப் பார்த்தாள்.

"இருக்கியாம்மா? பாத்தியா?"

மகள் அந்த நேரம் யாருடைய கடைவாய்ப் பல்லையோ பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"கண்ணு... இருக்கியா?"

அந்த இரண்டாவது கூப்பாடுதான் டயர்க்காரரை உறுத்தியது. இவள் விடப் போவதில்லை. கூப்பிட்டுக்கொண்டேதான் இருப்பாள். எப்போதாவது ஒரு தடவை மகள் பதில் சொல்லிவிடுவாள்.

டி.வி.க்குப் பக்கத்தில் பச்சை விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டிருந்த வைஃபை பெட்டியிடம் போனார். வயரைப் பிடுங்கினார். விளக்குகள் செத்தன. அந்தப் பெட்டியை மட்டுமே நம்பியிருந்த போனில் கேமராவைத் திறந்தார். வட்டம் சுற்றியது, சுற்றியது, கடைசியில் 'இணைப்பு இல்லை' என்று கையை விரித்தது. மனிதருக்கு அதுவே போதும். தலையைத் தூக்கிக் கேமராவில் விளக்கு எரிகிறதா என்று பார்க்கக்கூட இல்லை. தன் கண்ணைவிடப் போனை நம்புகிற காலம் இது.

போனைச் சோபாவில் எறிந்தார். வாசல் கதவைச் சாத்தி, மேல் தாழ்ப்பாள், கீழ்த் தாழ்ப்பாள் இரண்டையும் போட்டார்.

"நெட் போச்சு" என்றார் மனைவியிடம், ஊரில் மழை வந்தது என்று சொல்கிற குரலில்.

பிறகு மேஜையை உதைத்தார்.

அடுப்பும் சட்டியும் வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஆளுக்கொரு திசையில் ஓடின. எண்ணெய்ப் புட்டி உடைந்து தரை வழுக்கியது. மெதுவாக்கா எழுவதற்குள் தலைமயிர் அவர் கையில் சுருண்டிருந்தது. நடை குறுகல், அங்கே கையை முழுதாக வீச முடியாது. ஹால் அப்படியா? எத்தனையோ நாளாக ஓரத்தில் ஒடுங்கிச் செய்த காரியத்தை இன்றுதான் விசாலமாகச் செய்யக் கிடைத்தது. முகத்திலேயே அடித்தார். உதடு கிழிந்தது. மறு அடியில் மூக்கிலிருந்து சூடாக இறங்கியது. மயிரைப் பிடித்தே சோபாவரை இழுத்துப் போனார், அங்கிருந்து மேஜைக்கால்வரை திரும்ப இழுத்தார். அவள் மேஜைக்காலைக் கட்டிக்கொண்டாள். விரல்மேல் குதிகாலை வைத்துத் திருகினார்.

மெதுவாக்கா அலறினாள். அவள் குரல் அவ்வளவு பெரியது என்று அந்த வீட்டுச் சுவர்களுக்கே அன்றுதான் தெரிந்திருக்கும்.

"கத்து. எவ காதுல விழுதுன்னு பாப்போம்."

"அப்பா!"

கை அந்தரத்தில் நின்றது.

"அப்பா, கால எடுங்க! எடுங்கன்னு சொல்றேன்ல!"

டயர்க்காரர் முதலில் சோபாவில் கிடந்த போனைத்தான் பார்த்தார். 'இணைப்பு இல்லை' என்று அது இன்னமும் சத்தியம் செய்துகொண்டிருந்தது. அப்புறம்தான் ஷோகேஸைப் பார்த்தார்.

விஷயம் இதுதான். மகள் கேமரா மாட்டிய நாளில் இந்த வீட்டில் இணைப்பே கிடையாது. மாடியில் சித்தப்பாவுடையது இருக்கும்போது தனியாக எதற்கு என்று மறுத்தவர் இவரேதான். கேமராவை மாடியோடு இணைத்துவிட்டு மகள் ஊருக்குப் போய்விட்டாள். பிறகு கிரிக்கெட் பார்க்கிற ஆசையில் சொந்தமாக ஒரு பெட்டி வாங்கினார், ஆனால் கேமராவை யாரும் இதற்கு மாற்றவில்லை. அவர் பிடுங்கியது அவருடைய கிரிக்கெட்டை மட்டும்தான். கேமரா மாடியின் தயவில் எப்போதும்போல முழித்துக்கொண்டுதான் இருந்தது.

சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். என்ன இருந்தாலும் பழக்கம், புன்னகையும் வந்தது.

"ஒண்ணுமில்லம்மா. எண்ணெய் கொட்டிருச்சு. அம்மா வழுக்கி விழுந்துட்டா. தூக்கிட்டு இருந்தேன்."

"நீங்க மேஜைய உதைச்சதுலேர்ந்து பாத்துட்டுதான்பா இருக்கேன்! வாய்ல வார்த்த வரல எனக்கு. சித்தப்பாவுக்குப் போன் போட்டுட்டேன். வந்துட்டே இருக்கார்."

புன்னகை போய்விட்டது. முக்காலியை ஷோகேஸுக்கு அடியில் இழுத்துப் போட்டு ஏறினார்.

"இத வாங்கி மாட்டினப்பவே உடைச்சுப் போட்டிருக்கணும்" என்றபடி பூச்சாடியைத் தள்ளிவிட்டார்.

வாசலில் வண்டி வந்து நின்றது. கதவு அதிர்ந்தது.

"அண்ணே! கதவத் தொறங்க! அண்ணி! அண்ணி, இருக்கீங்களா?"

மெதுவாக்காவால் கதவுவரை போக முடியாது. கையை ஊன்றினாலே எண்ணெயில் சறுக்குகிறது. கதவோ தேக்கு, தாழ்ப்பாள் இரண்டு. கொழுந்தன் உடைத்து வருவதற்குள் இவருக்கு வேண்டிய நேரம் கிடைத்துவிடும். அந்த எலுமிச்சம்பழம் உடைந்துவிட்டால், பூட்டிய வீட்டுக்குள் மறுபடியும் அவரும் அவளும் மட்டும்தான். அவர் விரல்கள் கேமராவின் கழுத்தைத் தொட்டுவிட்டன.

கைக்கெட்டியது இரும்புச் சட்டி. சோபாவைப் பிடித்து எழுந்தாள். வீசினாள்.

முதல் அடி முழங்காலுக்குப் பின்னால். முக்காலி ஒரு பக்கமும் அவர் மறுபக்கமுமாகச் சாய்ந்தார். மேஜை விளிம்பில் தலை மோதிய சத்தம் வாசலுக்கு வெளியேயும் கேட்டிருக்கும். அப்படியும் எழப் பார்த்தார். ஒரு கை அவள் கணுக்காலைப் பிடித்தது. அந்தக் கையின்மேல் சட்டியை இறக்கினாள். எலும்பு நொறுங்குவது சட்டியின் கைப்பிடிவரை தெரிந்தது. பிறகு தோளில். பிறகு எங்கே என்று அவளுக்கே தெரியாது. மெதுவா என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

"அம்மா! போதும்மா! அம்மா!"

நிறுத்தினாள். சட்டியைக் கீழே போடவில்லை.

டயர்க்காரர் எண்ணெயிலும் ரத்தத்திலும் குப்புறக் கிடந்தார். வெங்காயம் ஒன்று மெல்ல உருண்டு வந்து அவர் காதருகே நின்றது.

வெளியே கொழுந்தன் தோளால் மோதிக்கொண்டிருந்தான். அண்ணே என்று கூப்பிடுவதை விட்டுவிட்டான்; அண்ணி, அண்ணி என்று மட்டும் குரல் வந்தது.

மெதுவாக்கா புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேமராவை நிமிர்ந்து பார்த்தாள்.

"பாத்தியா?"

"பாத்தேன்மா" என்றாள் மகள். அழுகையில் பாதி எழுத்து காணாமல் போயிற்று. "நான் உன்ன நம்பலயேம்மா. மன்னிச்சிடும்மா."

"அத விடு. நீ என்ன பண்ணுவ? அங்கேர்ந்து நடை தெரியாது. பாக்காததுக்கு யாரு என்ன பண்ண முடியும்?"

பெற்ற மனம். உதடு கிழிந்த வாயோடு சமாதானம் சொல்லிற்று. அதை அப்படியே வாங்கிக்கொண்டு மகள் வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை; அந்த மட்டில் அவளைப் பாராட்டத்தான் வேண்டும்.

"பாக்கலதான்மா. ஆனா..."

"ஆனா?"

"கேட்டிருக்கேன்."

கதவில் தோள் மோதியது.

"நடைலேர்ந்து சத்தம் வரும்மா. திம்மு திம்முன்னு. நீ முனகற மாதிரி ஒண்ணு. டி.வி.ன்னு நெனச்சேன் மொதல்ல. அப்புறம் டி.வி. இல்லன்னு தெரிஞ்சுது. அப்புறம்... அங்கேர்ந்து வர்ற சத்தத்த நான் மூடி வச்சுட்டேன்மா. பேசறப்ப மட்டும் தொறப்பேன். மத்த நேரம் படம் மட்டும். நீ நடந்துட்டு இருக்கறது தெரிஞ்சா போதும்னு இருந்துட்டேன். எனக்கு இங்க தினமும் வேலை பாக்கணுமேம்மா. அதக் கேட்டுட்டு எப்படிம்மா வேலை பாக்கறது?"

அழுகை ஹால் முழுக்க ஒலித்தது. நல்ல கேமரா, ஒரு விசும்பலைக்கூடத் தவறவிடவில்லை.

மெதுவாக்கா அந்தச் சின்னக் கண்ணாடிக் கண்ணைப் பார்த்தாள். எத்தனை காலை அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். எத்தனை நாள் ஓரகத்தியிடம், "நல்லா அழுத்திப் பூசு, பாத்தா பயந்துடுவா" என்று சொல்லியிருக்கிறாள்.

"அம்மா, ஏதாவது சொல்லும்மா. திட்டவாவது செய்." மகளின் குரல் திடீரென்று மாறியது. "அம்மா... அப்பா அசையலயேம்மா. மூச்சு இருக்கா? கிட்டப் போய்ப் பாரேன். அம்மா, சீக்கிரம் பாரு!"

மெதுவாக்கா முக்காலியை நிமிர்த்தினாள். ஷோகேஸைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை வைத்து, விலாவை அமுக்கிக்கொண்டு, மறுகாலையும் வைத்து ஏறினாள். மகளின் போன் முழுக்க அவள் முகம்தான் இருந்திருக்கும், பூச்சு எதுவும் இல்லாமல்.

கேமராவைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள்.

"அம்மா? என்னம்மா பண்ற? ஒண்ணும் தெரியலயே!"

"சத்தம் தொறந்துதானே வச்சிருக்க?"

"ஆமா... ஆமாம்மா."

"அப்ப மூச்சு இருக்கா இல்லையான்னு நீயே கேட்டுச் சொல்லு."

இறங்கி, அவரைத் தாண்டிக் கால் வைத்து, சட்டியைக் கையில் பிடித்தபடியே கதவைத் திறக்கப் போனாள்.